விளக்குக் கண்

ரோசல் வுட்கே சினிமாவில் நடித்தாள் என்று சொல்ல முடியாது. சினிமாவில் உட்கார்ந்தாள். பெர்லினின் வடகிழக்கு ஓரத்தில், வெள்ளை ஏரிக்குப் பக்கத்தில், அந்நாளில் வரிசையாகப் படக் கொட்டகைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில், கதாநாயகி லீடியா ஃபோர்ஸ்ட் எந்த நாற்காலியில் உட்கார வேண்டுமோ அதில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருப்பதுதான் ரோசலின் வேலை. விளக்குக்காரர்கள் விளக்கை ஏற்றி, இறக்கி, தள்ளி, நிழல் சரியாக விழுகிறது என்று கேமராக்காரர் தலையாட்டும்வரை அசையக் கூடாது. தலையாட்டியதும் எழுந்துவிட வேண்டும். சூடு ஆறாத நாற்காலியில் ஃபோர்ஸ்ட் அம்மாள் வந்து அமர்வாள்.

பதிலாள் என்று அந்த வேலைக்குப் பெயர். உயரமும் தலைமுடி நிறமும் ஒத்துப்போனால் போதும், முகம் எப்படி இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. ரோசலுக்கு முகமும் நன்றாக இருந்தது. ஒருநாள் யாராவது அதைக் கவனிப்பார்கள் என்று ரொட்டிக்கடை வேலையை விட்டுவிட்டுப் போனவள் அவள்.

அக்கா அடெல் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அம்மா காசநோயில் போனபோது ரோசல் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா அதற்கும் முன்பே ஹாம்பர்க் போகிறேன் என்று கிளம்பியவர், திரும்பவில்லை. அடெல் நகர மருத்துவமனையில் நர்ஸ் வேலை கற்றவள். போர்க்காலத்தில் சிப்பாய்களின் புண்ணைக் கழுவிக் கட்டியவள். போர் முடிந்தபின், வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் என்ற பேச்சு அவளிடம் யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பின்கட்டில் மூன்றாம் மாடியில் ஒரு சமையலறையும் ஓர் அறையும் அக்காவுக்கும் தங்கைக்குமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் ரோசல் சுவரைத் தடவிக்கொண்டே மாடியேறி வந்தாள். கண் இரண்டும் வீங்கி, கன்னமெல்லாம் நீர்.

"சிஸ்டர், புது நோயாளி ஒருத்தி வந்திருக்கா. காசு மட்டும் தரமாட்டா."

"உக்காரு. கண்ணத் தொற."

"தொறந்தா மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கு, அடெல்."

"விளக்குக்குக் கண்ணாடி போடலையா?"

"முதலாளி கழட்டச் சொல்லிட்டாரு. கண்ணாடி வெளிச்சத்தத் தின்னுதாம், கரண்டு தண்டமாம். ஒடைஞ்சதுக்குப் பதிலா வாங்குறதும் தண்டமாம். எங்க கண்ணு மட்டுந்தான் அவருக்குத் தண்டமில்ல."

அந்த விளக்குகளில் இரண்டு கரிக்கோல்களின் நுனிக்கு நடுவே மின்சாரம் தாவி எரியும். அதன் முன்னால் தடித்த கண்ணாடி ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால், வேலை நேரத்தில் ஒன்றும் உறைக்காது, பொழுது சாய்ந்ததும் கண் எரியும். விளக்குக் கண் என்பார்கள். வெள்ளை ஏரிப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அதற்கு வைத்தியம் தெரியும். உருளைக்கிழங்கைப் பச்சையாகத் துருவித் துணியில் கட்டிக் கண்மேல் வைத்து, இருட்டில் படுத்துவிட வேண்டும். மறுநாளுக்கு மறுநாள் சரியாகிவிடும். சளிபிடித்தவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல விளக்குக் கண் வந்தவரைப் பார்த்தும் சிரிப்பார்கள். அடெலும் அப்படித்தான் நினைத்தாள். நச்சுப்புகையில் வெந்துபோன கண்களைப் போர்முனை மருத்துவமனையில் பார்த்தவளுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. எரிச்சலூட்டியதெல்லாம் அந்தக் கண்ணாடிதான். ஒரு கண்ணாடித் துண்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறானே என்று.

முதலாளியின் பெயர் வோல்மர். காலையில் வாங்கிய கூலி சாயங்காலம் ரொட்டிக்கு ஆகாது என்று ஜனங்கள் தவித்த வருஷம் அது. அமெரிக்காக்காரன் ஒருவன் படத்தை டாலருக்கு வாங்குவதாகச் சொல்லியிருந்தான். அதனால் வோல்மருக்கு அவசரம். கதை ஒரு மலைப்பாதை விடுதிக்காரனுடையது. விடுதியில் இறந்துபோன வழிப்போக்கனின் பையில் தங்கம் இருக்கிறது. பிணத்தோடு அதையும் புதைத்துவிடு என்று அவனுக்கு நிச்சயமான பெண் கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை, அந்தத் தங்கத்தாலேயே சாகிறான். கடைசியில் அவளே ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள், பார்த்தவள் பார்த்தபடியே நின்றுவிடுகிறாள். அந்தப் பார்வையில்தான் படம் முடிகிறது. அவள் கண்ணில் காதலும் பேராசையும் சேர்ந்து வழிய வேண்டும் என்று டைரக்டர் ராத்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோர்ஸ்ட் அம்மாளுக்கு அழ வரவில்லை. கிளிசரின் வைத்தால் கிளிசரினாகவே தெரிந்தது. தங்கத்தின் ஒளி முகத்தில் கீழிருந்து அடிக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் விளக்கை வைத்திருந்தார்கள். அதற்கு எதிரில் உட்கார அவள் மறுத்துவிட்டாள். "எங்கம்மா என்னை வெல்டிங் பட்டறைக்குப் பெத்துவிடல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

ரோசல் விளக்குக் கண்ணோடு மறுநாளே வேலைக்குப் போயிருந்தாள். போகாவிட்டால் அன்றைய சாப்பாடு கிடையாது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஏற்கெனவே புண்ணாயிருந்த கண் சின்ன வெளிச்சத்துக்கே தாரைதாரையாகக் கொட்டியது. ராத்கே அதைப் பார்த்தார். அப்படியே இரு என்றார். பிறகு கேமராக்காரரை இழுத்து வந்து காட்டினார். கண் இரண்டு மட்டும் திரை முழுக்க வரப்போகிறது, யாருடைய கண் என்று யார் கண்டது.

அன்று ரோசல் வெண்ணெய்க் கட்டியோடு வந்தாள். வெண்ணெயைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"நாளைக்கு என்னைத்தான் எடுக்குறாங்க, அடெல். நாள் முழுக்க. ரெண்டு கேமரா. ஒண்ணு நம்ம ஊருக்கு, ஒண்ணு வெளிநாட்டுக்கு."

"ஒன்னோட மூஞ்சியையா?"

"கண்ண மட்டும்."

"பேரு போடுவாங்களா?"

"அது ஃபோர்ஸ்ட் கண்ணுன்னுதான் நெனைப்பாங்க. இருக்கட்டுமே. எனக்குத் தெரியுமில்ல. புரூனோவுக்குத் தெரியுமில்ல."

புரூனோ விளக்குக்காரன். நீளக் கை, விரல் நுனியெல்லாம் சுட்ட தழும்பு. விளக்கைத் தள்ளும் வேலையிலிருந்து கேமராவுக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவன். இந்தக் காட்சி நன்றாக வந்தால் கேமரா உதவியாளாக எடுத்துக்கொள்வதாக ராத்கே அவனிடம் சொல்லியிருந்தார். அப்படி ஆகிவிட்டால் கல்யாணம் என்று அவன் ரோசலிடம் சொல்லியிருந்தான்.

"வேணாம்டி. இந்தக் கண்ணோட நாளைக்கும் போனா ரொம்பப் புண்ணாயிடும்."

"அதுக்குத்தான் உன் கெழங்கு இருக்கே."

"நான் சொல்றது கேக்குதா இல்லையா?"

"கேக்குது. நீ எல்லாரையும் படுக்கப் போட்டே பழகிட்ட. நடமாடுறவங்களப் பாத்தா உனக்குப் பொறுக்கல."

அடெல் வெண்ணெயில் பாதியைக் கறுப்பு ரொட்டியில் தடவித் தானும் தின்றாள்.

காலையில் அவளும் கூடவே போனாள். நர்ஸ் உடுப்போடு போனதால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. நேராக வோல்மரிடம் போய் நின்றாள்.

"விளக்குக்குக் கண்ணாடி போடுங்க. இல்லன்னா என் தங்கச்சி உக்காரமாட்டா."

"அடெல்" என்றாள் ரோசல். "கெடுத்தேன்னு வச்சுக்கோ, நான் வீட்டுக்கே வரமாட்டேன்."

வோல்மர் தடித்த மனிதர், கோபம் வராதவர். "சிஸ்டர், கண்ணாடி போட்டா வெளிச்சம் பத்தாதே" என்றார்.

"விளக்க இன்னும் கிட்டத் தள்ளி வச்சுக்குங்க. அந்தக் கண்ணுல கண்ணாடி இல்லாம அடிச்சீங்கன்னா மத்தியானத்துக்குள்ள மூடிக்கும். அப்புறம் உங்க ரெண்டு கேமராவும் எதப் புடிக்கும்?"

ராத்கே யோசித்தார். மத்தியானத்துக்குள் கண் மூடிக்கொண்டால் அவருக்கும் நஷ்டம். "போடுங்கப்பா. சிஸ்டர் உத்தரவு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புரூனோ எங்கிருந்தோ ஒரு கண்ணாடி கொண்டுவந்து மாட்டி, விளக்கை முன்பைவிட நெருக்கமாகத் தள்ளினான்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு, சிஸ்டர்" என்று மெல்லச் சொன்னான். "நான் சொன்னா யாரும் காதுல போட்டுக்கமாட்டாங்க."

அடெலுக்கு மனம் லேசானது. ஒரு தடவை எடுப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றாள். ரோசல் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். "தங்கம் அங்க இருக்கு, அந்த வெளிச்சத்துக்கு நடுவுல" என்றார் ராத்கே. "கண்ண எடுக்காத. சிமிட்டாத. அதுதான் நீ ஆசப்பட்டவன், அதுதான் அவனக் கொன்னது." ரோசல் பார்த்தாள். முந்தின நாள் புண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருந்தது. ஆனால் எரியவில்லை. அதனால் பார்க்க முடிந்தது. கேமராவைச் சுற்றும் கைப்பிடிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அடெலுக்கு அவள் அப்போது ரொம்ப அழகாகத் தெரிந்தாள். பக்கவாதக் கிழவர் ஒருவருக்குப் படுக்கை மாற்ற வேண்டியிருந்ததால் கிளம்பிவிட்டாள்.

அவள் போனபின் நாள் முழுக்க எடுத்தார்கள். கிட்டே வைத்து, இன்னும் கிட்டே வைத்து. ரோசல் சாயங்காலம் பாடிக்கொண்டே மாடியேறினாள்.

"பாத்தியா, ஒண்ணுமே ஆகல. கெழங்கத் துருவாத, வேகவை. பசிக்குது."

இரண்டு பேரும் மிச்ச வெண்ணெயைத் தீர்த்தார்கள். புரூனோ அவளை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்ததை ரோசல் திரும்பத் திரும்பச் சொன்னாள். அடெல் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை ரோசல் ஜாக்கெட்டுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஊசிக்குக் காதே இல்ல, அடெல்."

"குடு இங்க." காது இருந்தது. அடெல் நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னைப் பாரு."

"பாக்குறேன்."

"என்ன தெரியுது?"

"தொப்பி தெரியுது. காலர் தெரியுது."

"மூஞ்சி?"

ரோசல் சிரித்தாள். "அங்க ஒரு பொட்டு இருக்கு. பால் சிந்தின மாதிரி. சூரியனப் பாத்தா வருமே, அது. போயிடும்."

அடெல் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். மற்றதைப் பொத்திப் பார்த்தாள். சீப்பைக் காட்டினாள், இரண்டு முனையும் தெரிந்தது, நடுப்பல் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். வட்டம் தெரிந்தது, முள் தெரியவில்லை. இருட்டில் படுக்க வைத்தாள். இரண்டு நாள் போனது. நான்கு நாள் போனது. பொட்டு அங்கேயே இருந்தது.

கண் டாக்டர் வயதானவர், அடெலை முன்பே அறிந்தவர். கண்ணுக்குள் வெளிச்சம் விட்டு நெடுநேரம் பார்த்தார். ரோசலை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அடெலை நிறுத்திக்கொண்டார்.

"கண்ணுக்குப் பின்னாடி, நேராப் பாக்குற எடம் வெந்துபோச்சு, சிஸ்டர். ரெண்டு பக்கமும்."

"மருந்து?"

"இதுக்கு மருந்து கிடையாது. ஓரம் நல்லாருக்கு. நடமாடலாம். படிக்க, தைக்க, மூஞ்சி பாக்க முடியாது." கைக்கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. இவ்வளவு நேரம் எப்படிப் பாத்தா? எரிச்சல் தாங்காம தானா மூடிக்குமே. அதுதான் நம்மளக் காப்பாத்துற விஷயம். முன்னாடி கண்ணாடி ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் அடெல்.

"அப்ப அதான். மேல்புண்ணு வராம அது தடுக்கும். உள்ள போற வெளிச்சத்தத் தடுக்காது. உள்ள வலி தெரியுற நரம்பும் கிடையாது. பாவம், யாரோ நல்லது பண்றதா நெனச்சுப் போட்டிருப்பாங்க."

அடெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். யார் போடச் சொன்னது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. ரோசலிடம் அன்றே சொல்லிவிட்டாள். ரோசல் கேட்டுக்கொண்டு, "நீ போடச் சொல்லலேன்னா அன்னிக்கு என்னை எடுத்திருக்கவே மாட்டாங்க" என்றாள். திட்டினாளா ஆறுதல் சொன்னாளா என்று அடெலுக்கு விளங்கவில்லை.

வோல்மரிடம் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"கையெழுத்து எதுவும் இல்லாம வேலை செஞ்ச பொண்ணு, சிஸ்டர். நான் என்ன பண்ணட்டும்? நீங்க கேட்ட கண்ணாடியக்கூடப் போட்டோமே."

ஒரு தொடையளவு பன்றி இறைச்சியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீசியெறியலாம் என்று நினைத்தாள். வீட்டில் அரிந்த முட்டைக்கோசைத் தவிர வேறொன்றும் இல்லை. வாங்கிக்கொண்டாள்.

புரூனோ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். கேமரா உதவியாள் வேலை கிடைத்துவிட்டது. ரோசலுக்கு அவன் முகம் தெரிய வேண்டுமானால் அவன் காதுக்கு அந்தப்பக்கம் எதையோ பார்க்க வேண்டும். அப்போதுதான் மூக்கும் வாயும் ஓரத்தில் வந்து நிற்கும். அவனுக்கு அது பிடிபடவேயில்லை.

"எங்க பாக்குற? இங்க பாரு."

"உன்னைத்தான் பாக்குறேன்."

"சுவரைப் பாக்குற."

"சுவரைப் பாத்தாத்தான் நீ தெரியுற."

அவன் தலையைத் திருப்பி அவள் பார்வைக்குள் வந்து நிற்பான். உடனே பொட்டுக்குள் மறைந்துவிடுவான். அவள் மறுபடி கண்ணை நகர்த்துவாள். பார்த்துக்கொண்டிருந்த அடெலுக்கு எழுந்து சமையலறைக்குப் போய்விடத் தோன்றும். பனி கொட்டத் தொடங்கியபின் ஞாயிறுகள் குறைந்தன. வேலை அதிகம் என்றான். பொய்யும் இல்லை.

படம் வெளிவந்தபோது ரோசல் பிடிவாதம் பிடித்ததால் இரண்டு பேரும் போனார்கள். பியானோக்காரர் வாசித்துத் தள்ளினார். கடைசியில் அந்தக் கண்கள் வந்தன, சுவரளவுக்கு. நீர் பொங்கி, ஓரத்தில் நின்று, உருண்டது. கூடத்தில் யாரோ தேம்பும் சத்தம் கேட்டது.

"வந்துருச்சா?" என்றாள் ரோசல். வெளிச்சம் ஆடுவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"வந்துருச்சு."

"எப்படி இருக்கு?"

"அழுவுற."

"நல்லாவா?"

பக்கத்திலிருந்த பெண்மணி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இவர்கள் பக்கம் சாய்ந்தாள். "ஃபோர்ஸ்ட் மாதிரி யாராலும் அழ முடியாது, இல்லீங்களா? அனுபவிச்சவளுக்குத்தான் அது வரும்."

"ஆமாங்க" என்றாள் ரோசல் சந்தோஷமாக.

படம் ஓடியது. அமெரிக்காக்காரன் வாங்கினான். அடுத்த படத்திலும் அந்தக் கண்கள் வேண்டும் என்று கேட்டான். ஆகவே வசந்தத்தில் புரூனோ படியேறி வந்தான், கையில் பூவோடு. ராத்கே அனுப்பியிருந்தார். அவன் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பானாம். விளக்கும் கண்ணாடியும் போன தடவை மாதிரியே.

அவன் போனபின் அடெல் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஓரமும் போனால் சுவர் எது வாசல் எது என்று தெரியாது என்றாள். ரோசல் பூவை ஒரு குவளையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னால ஊசி கோக்க முடியாது. ரொட்டிக்கடையில சில்லறை பாக்க முடியாது. உனக்கு எத்தன நாள் பாரமா இருக்கட்டும்? அங்க யாருக்கும் நான் பாக்குறது வேணாம். நான் அழுதாப் போதும்."

"நீ ஒண்ணும் பாரம் இல்ல."

"புரூனோ நாள் முழுக்க என்னைப் பாத்துக்கிட்டே நிப்பான், அடெல். வீட்டுக்கு வந்தா பாக்கமாட்டேங்குறான். அங்க பாத்தே ஆகணும், அது அவன் வேலை."

"நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"தனியாப் போறேன். ட்ராம் நம்பர் தெரியாது, கேட்டுக்குவேன்."

அவள் தனியாகப் போய்விடுவாள். கதவைப் பூட்டி வைக்க அவள் ஒன்றும் குழந்தை இல்லை. தெருவைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவாள், அல்லது வேறு ட்ராமில் ஏறிவிடுவாள், கடைசியில் போய்ச் சேர்ந்தும்விடுவாள். அடெல் இரண்டு நாள் இதையே யோசித்தாள், வேறு முடிவு வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவளுக்குத் தலைவாரிவிட்டு, ஜாக்கெட் பொத்தானைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ட்ராம் நிறுத்தத்தில் ரோசல் பேசிக்கொண்டேயிருந்தாள். விளக்குக்குப் பக்கத்தில்தான் பார்க்கப்போவதாகவும், விளக்குக்குள் பார்க்கப்போவதில்லை என்றும், அதனால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். இத்தனை மாதமாக எதையும் ஓரக்கண்ணால் பார்த்தே பழகியவள். பக்கத்தில் பார்த்தால் விளக்கு அந்த ஓரத்தில்தான் போய் விழும், மிச்சமிருக்கும் இடத்தில். வெந்துபோன நடு இடத்தில் விழுந்தால் இனிப் போவதற்கு ஒன்றுமில்லை. அடெல் மனதுக்குள் இதை இரண்டு தடவை சரிபார்த்தாள். படித்த படிப்பில் இன்றைக்கு உதவுவது இவ்வளவுதான் என்று தெரிந்தது.

ட்ராம் வந்தது. முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டாள்.

"ரோசல், கேளு. பக்கத்துல பாக்காத. விளக்க நேராப் பாரு. நடுவுலயே பாரு, கண்ண நகத்தாத."

"ராத்கே மாதிரியே சொல்றியே" என்று சிரித்தாள் ரோசல், அக்காவின் தோளுக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டு.

"நேரா" என்றாள் அடெல். ட்ராம் நகர்ந்தது.